எரியாத சட்டையும் அடுப்புக் கொடியும்

ஷாலினிக்கும் நிரோஷனுக்கும்,

போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் நான் போட்ட சத்தம் நம் லய வீட்டு வரிசையின் கடைசிக் காம்பரா வரைக்கும் கேட்டிருக்கும்.

மழை விடாமல் பெய்த நாள் அது. என்னுடைய நீல ஓவரோலை ஷாலினி துவைத்து, அப்பா நாளைக்கு ஈரச் சட்டையோடு வேலைக்குப் போகக்கூடாது என்று வீட்டடுப்புக்கு மேலே இருக்கிற கம்பியில் காயப்போட்டிருந்தாள். கதவைத் திறந்து அதைப் பார்த்ததும் எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. பிடித்து இழுத்து வெளியே சேற்றில் வீசினேன். "ஒனக்கு அறிவில்லையா? எல்லாரையும் கொல்லப் பாக்குறியா?" என்று கத்தினேன். பிள்ளை ரொட்டியைத் தொடாமல் போய்ப் படுத்துக்கொண்டது.

நல்லது செய்யப்போன பிள்ளையை ஏசிவிட்டேன். ஏன் ஏசினேன் என்று வாயால் சொல்ல மூன்று நாள் பார்த்தேன். முடியவில்லை. அதனால் நிரோஷனின் பழைய கொப்பியில் மிச்சமிருந்த தாள்களில் எழுதுகிறேன். உனக்கு முன்னாலேயே ஒருவன் அந்தச் சட்டையை அப்படிக் காயப்போட்டிருக்கிறான், ஷாலினி. அது நான்தான்.

1. அடுப்பறை

அப்பாவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் "பெக்டரில விறகு போடுறாரு" என்று சொல்வீர்கள். சரிதான். ஆனால் அந்த விறகில்தான் தேயிலையின் ருசி இருக்கிறது. வாட்டி, உருட்டி, புளிக்க வைத்த கொழுந்து கடைசியில் ட்ரையருக்குள் போகும். அதற்குச் சூடு கொடுப்பது எங்கள் அடுப்பு. சூடு குறைந்தால் தேயிலை சப்பென்று ஆகிவிடும். கூடினால் கருகிவிடும். மீட்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டே விறகு போடவேண்டும். அடுப்பு சூடாக்கும் காற்றைப் பெரிய ஃபேன் ஒன்று இழுத்து ட்ரையருக்குள் தள்ளும். அந்தக் காற்று அடுப்பறையிலிருந்துதான் போகிறது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

அடுப்பில் ஒரு ஷிப்டுக்கு இரண்டு பேர். நானும் கனகராஜும். அவனைத்தான் நீங்கள் கனகு மாமா என்று கூப்பிடுகிறீர்கள். சின்ன அறை, ஒரு கதவு, ஒரு ஜன்னல். மழைக்காலத்தில் சாரல் விறகில் அடிக்கும் என்பதால் இரண்டையும் மூடிவைப்போம்.

அடுப்பின் பின்பக்கம், இரும்புத் தகட்டிலிருந்து இரண்டு முழம் தள்ளி, ஒரு கம்பி கட்டியிருந்தது. எங்களுக்கு முன்னால் வேலை செய்தவர்கள் கட்டியது. அடுப்புக் கொடி என்று சொல்வோம். நம் பக்கத்து மழையைத்தான் உங்களுக்குத் தெரியுமே. நாலு நாள் ஆனாலும் ஒரு துவாய் காயாது. அந்தக் கொடியில் போட்டால் அரை மணித்தியாலத்தில் மொறுமொறுவென்று எடுக்கலாம். அதனால் பெக்டரியில் யாருடைய துணி நனைந்தாலும் எங்களிடம்தான் வரும். மலையில் கொழுந்து பறித்து நனைந்து வருகிற பெண்கள் மழைக்குப் போர்த்திய கம்பளியை ஜன்னல் வழியாக நீட்டுவார்கள்.

"செல்வம் அண்ணே, இதக் கொஞ்சம் போட்டு வைங்க. அந்திக் கொழுந்து நிறுக்க வர்றப்ப எடுத்துக்கிறேன்."

"போடலாம் அக்கா, கூலிக்கு ஒரு வாய் வெத்தல குடுத்துட்டுப் போங்க" என்பான் கனகு.

"விறகுக் கட்டைக்கு வெத்தல ஒரு கேடா?" என்று சொல்லிக்கொண்டே கொடுத்துவிட்டுத்தான் போவார்கள்.

எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. நனைந்து வந்தவரைக் காய்ந்த துணியோடு அனுப்புகிறோமே என்று. துணி காயப்போடக்கூடாது என்று சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்ததும் உண்மை. அந்தத் தாளை மறைத்துக்கொண்டுதான் கம்பளி தொங்கும்.

2. லைட்டர்

கொரோனா முடிந்த பிறகு ஒரு நாள் டீமேக்கர் ஐயா எங்களைக் கூப்பிட்டு ஆளுக்கொரு நீல ஓவரோல் கொடுத்தார். டீமேக்கர் என்றால் பெக்டரிக்கே பொறுப்பானவர். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல்.

"வெளிநாட்டுல நம்ம தேயிலைய வாங்குறவங்க பெக்டரியப் பாக்க வர்றாங்க. இனிமே இந்த நெருப்புச் சட்டையப் போடாம ரெண்டு பேரும் அடுப்புக் கதவத் தொறக்கக்கூடாது, வெளங்குதா?"

கனகு போட்டுப் பார்த்தான். கழுத்து வரைக்கும் ஜிப், கால் வரைக்கும் தடித்த துணி.

"ஐயா, இதப் போட்டுக்கிட்டு நிலாவுக்கே போகலாம் போல இருக்கே."

"நீ மொதல்ல விறகுக் கொட்டகைக்குப் போ."

பிறகு ஐயா ஒரு வேலை செய்தார். பாக்கெட்டிலிருந்து லைட்டரை எடுத்து, பற்றவைத்து, சட்டையின் கைநுனியில் பிடித்தார். துணி கொஞ்சம் கருத்தது. லைட்டரை எடுத்ததும் அப்படியே நின்றுவிட்டது. தீ பிடிக்கவில்லை. நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம்.

"மீசையப் பொசுக்குன மாதிரி நாறுதே, ஐயா" என்றான் கனகு.

"நாறுனா என்ன, எரியலல்ல?" என்றார் ஐயா.

அந்த நாற்றத்தை அதோடு மறந்துவிட்டோம். எரியாத சட்டை என்பது மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டது.

காலருக்குள் ஒரு லேபிள் தைத்திருந்தது. பொடி எழுத்து, எல்லாம் இங்கிலீஷ். பின்கழுத்தில் முள் மாதிரிக் குத்தும். அன்றைக்கே அம்மாவின் கத்தரிக்கோலால் வெட்டி எறிந்தேன். கனகுவின் லேபிளையும் நானேதான் வெட்டினேன். ஒரு வரிகூடப் படித்துப் பார்க்கவில்லை, படிக்கத் தெரிந்த யாரிடமும் காட்டவுமில்லை.

சட்டையை நான் குறை சொல்லவில்லை. அதற்கு முன்னால் அடுப்புக் கதவைத் திறந்தால் தணல் தெறித்து இடுப்பில் கட்டிய சாரத்தில் ஓட்டை விழும். என் இடது தொடையில் இருக்கிற தழும்பு அப்படி வந்ததுதான். நெருப்புச் சட்டை வந்த பிறகு ஒரு தணலும் எங்கள் தோலைத் தொட்டதில்லை.

3. உள்ளே அவிந்த கதை

ஆனால் வெளியிலிருந்து சூடு வராத சட்டை உள்ளே இருக்கிற சூட்டையும் வெளியே விடாது. வெளியே மூச்சுவிட்டால் புகை தெரிகிற குளிர். சட்டைக்குள் வேர்வை முதுகில் ஓடிக் காலில் இறங்கி பூட்ஸுக்குள் தேங்கும். முதல் கிழமையே கனகுவுக்குத் தலை சுற்றி, விறகை அணைத்தபடி உட்கார்ந்துவிட்டான்.

"என்னய உள்ள வச்சு அவிக்கிறாங்க மச்சான்" என்றான்.

அவன் கண்டுபிடித்த வைத்தியம் வாளித் தண்ணீர். சட்டையோடு தலையில் ஊற்றிக்கொண்டு, ஈரத்தோடு அடுப்புக்கு முன்னால் போய் நிற்பான். இரண்டு நாள் சுகமாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் அடுப்புக் கதவைத் திறந்து பெரிய கட்டை ஒன்றைத் தள்ளிக்கொண்டிருந்தவன் "ஐயோ" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தான். ஜிப்பை இறக்கிப் பார்த்தால் நெஞ்சு சிவந்து, அங்கங்கே கொப்புளம். நெருப்பு தொடவேயில்லை.

தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா மருந்து பூசிக்கொண்டே திட்டினார். "ஈரச் சட்டையோட நெருப்புக்கு முன்னால நிப்பாங்களா? அந்தத் தண்ணி சூடாகி ஆவியா உள்ள எறங்கும். இட்லிப் பானைக்குள்ள போய் ஒக்காந்திருக்க நீ."

"அப்ப இட்லியா வெந்தது போதும், ஐயா" என்றான் கனகு. வலியிலும் அவனுக்கு வாய் சும்மா இருக்காது.

அதிலிருந்து எனக்கு ஒரே எண்ணம். கனகுவின் சட்டை ஈரமாக இருக்கக்கூடாது. ஆளுக்கு ஒரு சட்டைதான். மழையில் நனைந்தால் காயவைத்துத்தான் அவனை அடுப்புக்கு முன்னால் விடவேண்டும். இவ்வளவும் அக்கறையில் வந்த எண்ணம். ஷாலினிக்கு வந்த எண்ணமும் அதேதான்.

4. அந்த மழை நாள்

ஆடி மாத மழை. காலையில் கொட்டகையிலிருந்து விறகு தூக்கியதில் கனகு தொப்பலாக நனைந்துவிட்டான்.

"கழட்டுடா. போன தடவ வெந்தது பத்தாதா?" என்று சட்டையை வாங்கினேன். அவன் பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். கொடியைப் பார்த்தால் இடமில்லை. ஒரே கம்பளி. அடுப்பின் இரும்புத் தகட்டை ஒட்டி, விறகு கிளறுகிற நீளக் கம்பியை மாட்டிவைக்கிற கொக்கி இருந்தது. சட்டையை அதில் மாட்டினேன். சட்டையின் முதுகு தகட்டில் பட்டுக்கொண்டிருந்தது.

வேறு துணி என்றால் அங்கே மாட்டியிருக்கவே மாட்டேன். ஒரு முறை யாரோ சாக்கைப் போட்டு அது குபீரென்று பற்றியதை இரண்டு பேரும் பார்த்திருக்கிறோம்.

"பத்திக்காதா மச்சான்?" என்று கனகு கேட்டான்.

"லூசு. இது பத்திக்குமா? ஐயா லைட்டர் புடிச்சுக் காட்டுனது மறந்துபோச்சா?"

அப்படிச் சொல்லிவிட்டு ஜன்னலை இறுக்கி மூடி, கதவைச் சாத்திக்கொண்டு, காய்ந்த கட்டை பொறுக்கக் கொட்டகைக்குப் போனேன். கட்டையைப் பிளந்து அடுக்கி வர அரை மணித்தியாலம் ஆகியிருக்கும்.

கனகு பிறகு சொன்னது இது. கொஞ்ச நேரத்தில் மண்டை கனத்தது. குளிர் என்று நினைத்தான். விறகுப் புகை எப்போதும் இருக்கிற அறைதானே, வேறு புகை வந்ததை அவன் கவனிக்கவில்லை. மூச்சு வாங்கியதும் எழுந்து கதவுப் பக்கம் போனது ஞாபகம் இருக்கிறது. கதவைத் தொட்டது ஞாபகம் இல்லை.

அவனைக் காப்பாற்றியது டீமேக்கர் ஐயாவின் மூக்கு. ட்ரையர் வாயில் விழுகிற தேயிலையை அள்ளி மோந்து பார்ப்பது அவர் வழக்கம். அன்றைக்கு அள்ளியவர் முகத்தைச் சுளித்தார். தேயிலை பக்கத்தில் இருக்கிற எந்த வாசனையையும் பிடித்துக்கொள்ளும். அதில் பொசுங்கிய நாற்றம் ஒன்று ஏறியிருந்தது. ஃபேன் இழுக்கிற காற்றில்தான் ஏதோ கலந்திருக்கிறது என்று நேராக அடுப்பறைக்கு ஓடிவந்தார்.

நான் தோளில் கட்டையோடு வந்தபோது கதவு விரியத் திறந்திருந்தது. ஐயா கனகுவின் இரண்டு கக்கத்திலும் கை கொடுத்து மழைக்குள் இழுத்துக்கொண்டிருந்தார். கனகுவின் கால்கள் சேற்றில் கோடு போட்டுக்கொண்டு வந்தன. கட்டையைப் போட்டுவிட்டு நான் உள்ளே பாய்ந்தேன்.

"செல்வம், உள்ள போகாத! வெளிய நின்னு ஜன்னலத் தட்டித் தொற!"

"ஐயா, சட்ட..."

"சட்டையாவது மண்ணாவது! போகாதங்கிறேன்!"

ஜன்னலைத் திறந்து பார்த்தேன். ஒரு பொட்டுத் தீ இல்லை. சட்டையின் முதுகு கருத்து, சுருங்கி, கருவாடு மாதிரித் தகட்டில் ஒட்டிக்கிடந்தது. அதிலிருந்து மெல்லிசாக வெள்ளைப் புகை போய்க்கொண்டிருந்தது. தீ பிடித்திருந்தால் கனகு பார்த்திருப்பான், அணைத்திருப்பான், ஓடியிருப்பான்.

5. டொக்டர் கேட்ட கேள்வி

கொழுந்து லொறியில் சாக்கை விரித்துக் கனகுவைக் கிடத்தினோம். கண் பாதி திறந்திருந்தது. மூச்சு வேகமாக ஓடியது. இரண்டு தடவை வாந்தி எடுத்தான். "என் பேர் என்னடா?" என்று கேட்டேன். "கங்காணி" என்றான். லொறியை இன்னும் வேகமாக விடச் சொல்லிக் கத்தினேன்.

"கதவ அடைச்சுட்டு ஈர விறகு போட்டீங்களா?" என்று ஐயா கேட்டார். உள்ளே நின்ற கொஞ்ச நேரத்தில் அவர் சட்டையைக் கவனிக்கவில்லை; அதை எடுக்கத்தான் நான் பாய்ந்தேன் என்று நினைத்திருப்பார். நான் கனகுவின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு சிங்கள டொக்டர், இளம் பெண். கனகுவின் மூக்கில் ஒட்சிசன் மாஸ்க்கை வைத்துக்கொண்டே "மொகத உனே?" என்றார். என்ன நடந்தது என்று கேட்டார்.

"விறகுப் புகை, டொக்டர். அடுப்பறைல அடைபட்டுட்டான்" என்றார் ஐயா.

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். அந்த நேரத்தில் என் மனதில் என்ன ஓடியது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். சுவரில் ஒட்டிய தாளுக்கு மேலே துணி போட்டவன் நான். சொன்னால் வேலை போகும். வேலை போனால் தோட்டம் கொடுத்த இந்தக் காம்பராவும் போகும். ஷாலினி அப்போது நாலாம் வகுப்பு, நிரோஷன் இரண்டாம் வகுப்பு. உங்கள் அம்மாவிடம் என்ன சொல்வேன்? விறகுப் புகை என்று ஐயாவே சொல்லிவிட்டார். புகை புகைதானே, டொக்டர் எப்படியும் மருந்து கொடுப்பார்தானே?

டொக்டர் கனகுவின் கண்ணை விரித்துப் பார்த்தார். விரலில் மாட்டிய மெஷினைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, உடைந்த தமிழில், ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

"விறகு மட்டும்தானா? வேற ஒண்ணும் எரியலயா? நல்லா யோசிச்சு சொல்லுங்க. எல்லாப் புகையும் ஒண்ணு இல்ல. மருந்தும் ஒண்ணு இல்ல."

கனகு பாதிக் கண்ணால் மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சட்ட, மிஸ்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "நெருப்புச் சட்ட. நான்தான் அடுப்புத் தகட்டுல காயப்போட்டேன்."

ஐயா என் பக்கம் திரும்பினார்.

"அது எரிஞ்சதா?"

"இல்ல மிஸ். அது எரியாத சட்ட. வெந்துருச்சு."

"என்ன துணி? லேபிள் இருக்கா?"

"நான் வெட்டிட்டேன், மிஸ்."

ஐயா என்னை ஏசுவார் என்று நின்றேன். அவர் போனை எடுத்து ஆபீஸ் கிளார்க்கைக் கூப்பிட்டார். "சாமான் ரூம்ல புது நெருப்புச் சட்ட ஒண்ணு மிச்சம் இருக்கு. காலருக்கு உள்ள இருக்குற லேபிளப் போட்டோ எடுத்து வட்ஸ்அப்ல போடு. ஏன்னு கேக்காத. இப்பவே போடு."

போட்டோ வந்தது. டொக்டர் அதைப் பெரிதாக்கிப் படித்துவிட்டு, பெரிய டொக்டருக்குப் போன் பண்ணினார். இரத்தம் எடுத்தார்கள். வேறு மருந்து ஏற்றினார்கள். கனகுவை உள்வார்டுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

அவர் திரும்பி வந்து எங்களுக்கு விளக்கினார். இந்த மாதிரித் துணி தீப்பிடிக்காமல் இருக்கத்தான் செய்தது. சூட்டிலேயே கிடந்தால் தீ இல்லாமலே கருகும். கருகும்போது விஷ வாயு வரும். "விறகுப் புகைன்னா கண்ணு எரியும், இருமல் வரும், எழும்பி ஓடுவீங்க. இது அப்படி விடாது. தெரியிற நேரம் கால் நிக்காது" என்றார். சொன்னது நல்லது என்றும் சொன்னார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வெளி பெஞ்சில் விடியும் வரை உட்கார்ந்திருந்தேன்.

காலையில் உள்ளே விட்டார்கள். கனகுவின் முகம் வெளுத்திருந்தது. மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"மச்சான், என் சட்ட காஞ்சிருச்சா?"

நான் அழுதேன். அவன் சிரித்தான், இருமினான், நர்ஸம்மா இரண்டு பேரையும் ஏசினார்.

6. விசாரணை

கனகு ஒரு கிழமையில் வீட்டுக்கு வந்தான். தலைவலி போக ஒரு மாதம் ஆனது. அவன் வந்த மறுநாள், தோட்டத்தையே நிர்வகிக்கிற தொரை என்னைப் பங்களா ஆபீஸுக்குக் கூப்பிட்டார். டீமேக்கர் ஐயாவும் இருந்தார்.

"துணி போடக்கூடாதுன்னு தாள் ஒட்டியிருந்ததா, இல்லையா?" என்று தொரை கேட்டார்.

"இருந்துச்சுங்க தொர. தப்பு என்னோடது."

ஐயா தொண்டையைக் கனைத்தார். "சேர், அந்தக் கொடியில மழைக்காலம் பூரா என்னோட கால் மேஸும் காஞ்சிருக்கு. தாள ஒட்டுனதும் நான், மேஸப் போட்டதும் நான். லைட்டர் புடிச்சுக் காட்டி, எரியாதுன்னு சொன்னதும் நான்தான். செல்வத்த மட்டும் எப்படி அனுப்புறது?"

அவ்வளவு கனத்த ஆள் மேஸைப் பற்றிச் சொன்னதும் தொரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. என்னை ஒரு மாதம் விறகுக் கொட்டகையில் போட்டார். பிறகு அடுப்புக்கே திரும்ப விட்டார்.

அடுப்புக் கொடியை நானும் கனகுவும் சேர்ந்தே வெட்டினோம். காற்றோட்டமான இடத்தில் கூரை போட்டு, துணி காய வேறு கொடி கட்டினார்கள். காய மூன்று நாள் ஆகிறது, காயட்டும். ஆளுக்கு இரண்டு சட்டை கொடுத்தார்கள். இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை ஆள் மாறி அடுப்புக்கு முன்னால் நிற்கிறோம். மாறும்போது ஜிப்பை இறக்கி, வெளியே நின்று, தண்ணீரோ பிளேன்டீயோ குடிக்கிறோம். ஜன்னலுக்கு வெளியே ஒரு தகரம் அடித்தார்கள், இப்போது மழையிலும் திறந்தே இருக்கிறது. கம்பளி கொண்டுவருகிற பெண்கள் முதலில் முணுமுணுத்தார்கள். கனகு தன் கதையைச் சொல்ல ஆரம்பித்ததும் வெற்றிலையை மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

இதுதான் கதை, ஷாலினி. நம் வீட்டடுப்புக்கும் மேலே இருக்கிற கம்பிக்கும் நடுவே ஒரு முழம்தான். கம்பி தொய்ந்தாலோ சட்டை வழுக்கி விழுந்தாலோ, அந்தச் சின்னக் காம்பராவில் நீங்கள் மூன்று பேர். அதுதான் எனக்குக் கண்ணில் தெரிந்தது. அதை உனக்குச் சொல்லித் தந்திருக்கவேண்டியவன் நான். சொல்லாமல் வைத்திருந்துவிட்டு உன்னை ஏசியது என் தப்பு.

நான் படித்தது இவ்வளவுதான். தீ பிடிக்காது என்றால் தீ பிடிக்காது, அவ்வளவுதான் அர்த்தம். மற்ற எதுவும் செய்யாது என்று அந்தச் சட்டை எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்களாக நினைத்துக்கொண்டோம். யாராவது உயிருக்காக உண்மையைக் கேட்டால் அப்போதே சொல்லிவிடுங்கள். அந்தக் கட்டிலின் கால்மாட்டில் நான் யோசித்துக்கொண்டு நின்ற அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு இன்னும் கனக்கிறது.

சேற்றில் வீசிய சட்டையை நானே மறுபடி துவைத்து வெளித் தாழ்வாரத்தில் போட்டிருக்கிறேன். அது பிறகு கொடுத்த சட்டை, அதன் லேபிளை வெட்டவில்லை. பின்கழுத்தில் இன்றைக்கும் குத்துகிறது, பழகிவிட்டது. நீ இங்கிலீஷில் என்னைவிட எவ்வளவோ கெட்டிக்காரி. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்து, ஒரு பெரிய தாளில் தமிழில், தூரத்திலிருந்தே தெரிகிற எழுத்தில் எழுதித் தருவாயா? அடுப்பறைக் கதவில் ஒட்டச் சொல்லி டீமேக்கர் ஐயா கேட்டிருக்கிறார். ஒட்டிய பிறகு அதன் மேல் யார் துணியும் தொங்காமல் பார்த்துக்கொள்கிறேன் என்று கனகு மாமா சொல்கிறார்.

அப்பா